கேட்க வேண்டியவர் கேட்காத கேள்வி

“இதைத் தினமும் சாப்பிட்டால் கிட்னி போய்விடாதா?”

ஹெர்ப்பிஸுக்கு மாத்திரை எழுதிய சீட்டைக் கையில் வாங்கியதும் பெரும்பாலும் இந்தக் கேள்விதான் வருகிறது. கேட்பவருக்கு முப்பது வயது இருக்கும். சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை, சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது. அவருக்கு எழுதியிருப்பது வாலசைக்ளோவிர் 500 மில்லிகிராம், நாளுக்கு ஒரே ஒரு மாத்திரை. அவர் இந்தப் பயத்தை விட்டுவிடலாம்.

அதே மாத்திரையை நாளுக்கு 3,000 மில்லிகிராம் வீதம் வாங்கிப்போகும் இன்னொரு குடும்பம் உண்டு. இடுப்பைச் சுற்றி அக்கி வந்த எழுபத்தாறு வயது அம்மாவுக்காக வாங்குகிறார்கள். அம்மாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. எரிச்சலும் வலியும் தாங்காமல் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. ஏழு நாள் மருந்துதானே என்று அந்தக் குடும்பம் எதையும் கேட்பதில்லை. கிட்னியைப் பற்றிக் கேட்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

ஹெர்ப்பிஸ் மருந்துகளைப் பற்றிய பயம் நம்மிடம் நிறைய இருக்கிறது. அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. வருடக்கணக்கில் எடுக்கும் சிறிய அளவைக் கண்டு நடுங்குகிறோம். தளர்ந்த சிறுநீரகம் உள்ளவருக்குக் கொடுக்கும் பெரிய அளவின் முதல் மூன்று நாட்களைக் கவனிக்காமல் விடுகிறோம். இந்த அத்தியாயத்தைப் படித்து முடிக்கும்போது அந்தப் பயம் சரியான இடத்துக்கு நகர்ந்திருந்தால் எனக்குப் போதும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். உதட்டு ஓரத்திலும் பிறப்புறுப்பிலும் திரும்பத் திரும்பக் கொப்புளம் வரவழைப்பது ஹெர்ப்பிஸ் சிம்ப்ளக்ஸ். நாம் அக்கி என்று சொல்லும் ஹெர்ப்பிஸ் ஜோஸ்டர் அதன் உறவுக்கார வைரஸால் வருவது. சின்ன வயதில் வந்துபோன சின்னம்மை வைரஸ் நரம்புக்குள் ஒளிந்திருந்து, வயதான பின் தலைதூக்குவதுதான் அக்கி. இரண்டுக்கும் மருந்து ஒன்றேதான்: அசைக்ளோவிர், வாலசைக்ளோவிர், ஃபாம்சைக்ளோவிர் ஆகிய மூன்றில் ஒன்று. அளவுதான் வேறு. அக்கிக்குக் கொடுக்கும் அளவு, உதட்டுக் கொப்புளம் வராமல் தடுக்கத் தினமும் கொடுக்கும் அளவைவிடப் பல மடங்கு.

மருந்து ஏன் நம் செல்லைத் தொடுவதில்லை

வைரஸ் நம் செல்லுக்குள் புகுந்து, நம் செல்லின் தளவாடங்களைக் கொண்டே பெருகுகிறது. அதனால் வைரஸைக் கொல்லும் மருந்து நம்மையும் சேர்த்துக் கொல்லும் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். அந்த நினைப்பை உடைத்தது அசைக்ளோவிர். பரோஸ் வெல்கம் நிறுவனத்தின் ஆய்வகத்தில் 1970களில் கெர்ட்ரூட் எலியனும் அவருடன் வேலை செய்தவர்களும் அதை உருவாக்கி ஆராய்ந்தார்கள். மருந்து ஆராய்ச்சிக்காக எலியன் 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அசைக்ளோவிர் வேலை செய்யும் விதம் அழகானது. வயிற்றில் இறங்கும்போது அது வேலை செய்யாத நிலையில் இருக்கிறது. அதற்கு முதல் சாவி போட்டுத் திறந்துவிடுவது தைமிடின் கைனேஸ் என்ற, வைரஸுக்குச் சொந்தமான ஒரு நொதி. வைரஸ் புகாத செல்லில் அந்தச் சாவி இல்லை. அங்கே மருந்து ஏறக்குறைய சும்மா இருந்துவிட்டு வெளியேறிவிடும். வைரஸ் இருக்கும் செல்லில் மட்டும் திறந்துகொண்டு, வைரஸ் தன் மரபுச் சங்கிலியை நீட்டும்போது நடுவில் புகுந்து அதை அறுத்துவிடுகிறது. நாற்பது ஆண்டுகளாக இத்தனை கோடிப் பேர் விழுங்கியும் இந்த மருந்து பெரிதாகக் கெடுதல் செய்யாததற்கு அடிப்படைக் காரணம் இதுதான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். நரம்பு முடிச்சுக்குள் தூங்கும் வைரஸ் பெருகுவதில்லை. பெருகாத வைரஸிடம் இந்த மருந்துக்கு வேலை இல்லை. அதனால் இந்த மாத்திரைகள் ஹெர்ப்பிஸை வேரோடு பிடுங்குவதில்லை. “பூரண குணம்” என்று யாராவது விளம்பரம் செய்தால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாலசைக்ளோவிர் உள்ளே போனதும் அசைக்ளோவிராக மாறிவிடும். அசைக்ளோவிர் மாத்திரையில் 15 முதல் 30 சதவீதம்தான் ரத்தத்தில் சேரும்; வாலசைக்ளோவிர் வழியாகப் போனால் அது பாதிக்கும் சற்று மேலாக இருக்கும். அக்கிக்கு அசைக்ளோவிர் 800 மில்லிகிராம் என்றால் நாளுக்கு ஐந்து வேளை விழுங்க வேண்டும். வாலசைக்ளோவிர் என்றால் மூன்று வேளை. ஐந்து வேளை மருந்தை ஒழுங்காக எடுப்பவர்கள் குறைவு. கையில் காசு இடம் கொடுத்தால் மூன்று வேளையே நல்லது. ஆனால் ஒன்றுக்கு ஒவ்வாமை வந்தால் மற்றதும் ஆகாது. இரண்டும் உள்ளே ஒரே மருந்துதான்.

சின்னத் தொந்தரவுகள்

தலைவலி, குமட்டல், வயிற்று வலி, வயிற்றுப்போக்கு, லேசான கிறுகிறுப்பு. மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் இவையெல்லாம் இருக்கும். அதைப் படித்துவிட்டு மாத்திரையையே எடுக்காமல் விடுபவர்கள் உண்டு. அவர்களுக்காக ஒரு கணக்கு சொல்கிறேன். அடிக்கடி திரும்பிவரும் பிறப்புறுப்பு ஹெர்ப்பிஸுக்கு ஒரு வருடம் தினமும் வாலசைக்ளோவிர் கொடுத்துப் பார்த்த ஆய்வில், 500 மில்லிகிராம் எடுத்தவர்களில் 38 சதவீதம் பேர் தலைவலி என்றார்கள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களிலும் 34 சதவீதம் பேர் தலைவலி என்றார்கள். ஒரு வருடத்தில் மனிதருக்குத் தலைவலி வரத்தான் செய்யும். அதில் மருந்தின் பங்கு கொஞ்சம்தான்.

வெறும் வயிற்றில் குமட்டினால் சாப்பிட்ட பிறகு எடுங்கள். உணவால் மருந்தின் பலன் குறைவதில்லை. பத்தியம் எதுவும் வேண்டாம். ஒரு வேளை மறந்துபோனால் நினைவு வந்ததும் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டாகச் சேர்த்து விழுங்காதீர்கள்.

உடம்பெல்லாம் தடித்துச் சிவந்தால், முகமோ உதடோ வீங்கினால், மூச்சு விடச் சிரமமானால் அது ஒவ்வாமை. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியது. அரிதுதான் என்றாலும் காத்திருந்து பார்க்கும் விஷயம் அல்ல.

சிறுநீரகம்: பெரிய அளவும் வறண்ட உடம்பும்

அசைக்ளோவிர் பெரும்பகுதி அப்படியே சிறுநீரில் வெளியேறுகிறது. நல்ல சிறுநீரகம் உள்ளவரிடம் ரத்தத்திலுள்ள மருந்து சுமார் மூன்று மணி நேரத்தில் பாதியாகிவிடும். சிறுநீரகம் முற்றிலும் நின்றுபோனவரிடம் அது பாதியாக 20 மணி நேரம் வரை ஆகிறது. அவருக்கும் அதே மூன்று வேளை மாத்திரை கொடுத்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடலாம். வெளியேறுவதற்கு முன்பே அடுத்தது வந்து சேரும். மருந்து உடம்பில் தேங்கும்.

தேங்கும் மருந்து இரண்டு இடங்களில் தொல்லை கொடுக்கும். ஒன்று, சிறுநீரகமே. அசைக்ளோவிர் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. சிறுநீர் கெட்டியாக, குறைவாக இருக்கும்போது அது சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் ஊசி ஊசியான படிகங்களாகப் படிந்து வழியை அடைக்கும். ரத்தக் குழாயில் ஊசியாக ஏற்றும்போதுதான் இந்த ஆபத்து அதிகம். அதனால்தான் மூளைக் காய்ச்சலுக்கு மருத்துவமனையில் அசைக்ளோவிர் கொடுக்கும்போது ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் மெதுவாக ஏற்றுகிறார்கள். கூடவே குளுக்கோஸோ உப்பு நீரோ ஓடும். நர்ஸ் ஏன் இவ்வளவு மெதுவாக விடுகிறார் என்று அவசரப்பட்டுத் திருகிவிடாதீர்கள். மாத்திரையாக எடுப்பவருக்கு இது அரிது. ஆனால் உடம்பு வறண்டிருந்தால், அளவு பெரிதாக இருந்தால் நடக்கலாம்.

ஆறுதலான செய்தி: கவனித்து மருந்தை நிறுத்தி, நீர் ஏற்றினால் பெரும்பாலும் சிறுநீரகம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

இப்போது அந்த எழுபத்தாறு வயது அம்மாவிடம் போவோம். ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 1.2 என்று வந்திருக்கிறது. “ஏறக்குறைய நார்மல்தான்” என்று வீட்டில் நிம்மதி. அங்கேதான் ஏமாறுகிறோம். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. அம்மா 45 கிலோ. தசை கரைந்துபோன உடம்பு. சுரப்பதே குறைவு என்பதால் சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் எண் பெரிதாக ஏறாது. வயது, எடை, பாலினம், கிரியேட்டினின் நான்கையும் சேர்த்து மருத்துவர்கள் போடும் காக்ராஃப்ட்–கால்ட் கணக்கைப் போட்டால், அவருடைய சிறுநீரகம் நிமிடத்துக்குச் சுமார் 28 மில்லிலிட்டர்தான் வடிகட்டுகிறது. அந்த நிலையில் அக்கிக்கு வாலசைக்ளோவிர் 1,000 மில்லிகிராம் மூன்று வேளை கூடாது. ஒரு நாளைக்கு ஒரே வேளைதான். மூன்றில் ஒரு பங்கு. சீட்டில் மூன்று வேளை என்று இருந்து, கடையில் அப்படியே கொடுத்து, மகனும் அப்படியே கொடுத்தால், யாரும் தவறு செய்ததாகத் தெரியாமலே தவறு நடந்துவிடும்.

ஆகவே அறுபத்தைந்து தாண்டியவர், பல வருடச் சர்க்கரைக்காரர், ஏற்கெனவே சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர் யாருக்காவது இந்த மருந்து எழுதினால், மருத்துவரிடம் ஒரே வாக்கியம் சொல்லுங்கள்: “கிட்னிக்குத் தகுந்த மாதிரி அளவு பார்த்துக் கொடுத்திருக்கிறீர்களா, டாக்டர்?” பழைய கிரியேட்டினின் ரிப்போர்ட்டை எடுத்துப்போங்கள், எடையைச் சொல்லுங்கள். அதைக் கேட்டதற்காக நல்ல மருத்துவர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். டயாலிசிஸ் செய்துகொள்பவர் என்றால், டயாலிசிஸ் முடிந்த பிறகே மாத்திரை. ஒரு 4 மணி நேர டயாலிசிஸில் உடம்பிலிருக்கும் மருந்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வெளியே போய்விடும். முன்னால் கொடுத்தால் வீண்.

தண்ணீர் விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை. இந்த மருந்து எடுக்கும் நாட்களில் சிறுநீர் தெளிவாகப் போகும் அளவுக்குக் குடிப்பது நல்லது. வெயில் காலத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. ஆனால் இதயம் தளர்ந்தவருக்கும் டயாலிசிஸ் நோயாளிக்கும் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருப்பார்கள். அவர்கள் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் குடம் குடமாகக் குடிக்கக் கூடாது. அவர்களுக்கு மருந்தின் அளவைக் குறைப்பதே வழி.

அளவைப் பார்க்க வேண்டும் என்பதற்காக மருந்தைத் தள்ளிப்போடவும் கூடாது. அக்கிக்குக் கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். நம் ஊரில் அந்த மூன்று நாளும் பல வீடுகளில் அக்கி எழுதுவதிலேயே போய்விடுகிறது. மண்பாண்டம் செய்யும் பெரியவரிடம் போய்க் காவி குழைத்து எழுதிக்கொள்வதால் மனதுக்குத் தெம்பு கிடைக்குமானால் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அதில் சண்டை இல்லை. ஆனால் காலையில் மருத்துவரைப் பார்த்து முதல் மாத்திரையை விழுங்கிவிட்டு, மாலையில் அங்கே போங்கள். கண்ணைச் சுற்றியோ நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்த அக்கி என்றால் கண் மருத்துவரையும் அன்றே பார்க்க வேண்டும்.

திடீரென்று உளறினால்

தேங்கும் மருந்து தொல்லை கொடுக்கும் இரண்டாவது இடம் மூளை. மருந்து தொடங்கி ஒன்றிலிருந்து மூன்று நாளைக்குள் பெரியவர் குழம்பத் தொடங்குவார். யாரென்று தெரியாமல் பார்ப்பார். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார். கை கால் திடீர் திடீரென்று வெட்டி இழுக்கும். பேச்சு குழறும், அல்லது தூங்கிக்கொண்டே இருப்பார். தான் செத்துப்போய்விட்டதாகவே நம்பிய நோயாளிகளைப் பற்றியும் மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். ஏறக்குறைய எல்லா நிகழ்வுகளிலும் பின்னணி ஒன்றுதான்: தளர்ந்த சிறுநீரகம், குறைக்காத அளவு.

வீட்டில் இதை “வலியில் புலம்புகிறார்”, “வயதாகிவிட்டது”, “காத்துக் கருப்பு” என்று எடுத்துக்கொள்வதுதான் வருத்தம். மருத்துவர்களும் தடுமாறும் இடம் இது. ஏனென்றால் இதே வைரஸ்கள் மூளைக் காய்ச்சலையும் உண்டாக்கக்கூடியவை. அதற்கு மருந்து அசைக்ளோவிரைக் கூட்டுவது. நச்சுத்தன்மைக்கு மருந்து அதை நிறுத்துவது. எதிரெதிர்த் திசைகள். காய்ச்சல், கடும் தலைவலி, வலிப்பு என்று வந்தால் மூளைக் காய்ச்சலின் பக்கம் சந்தேகம் போகும். காய்ச்சலே இல்லாமல், மாத்திரை தொடங்கிய ஓரிரு நாளில், கை வெட்டி இழுப்புடன் குழப்பம் வந்தால் மருந்தின் பக்கம். முடிவு செய்வது மருத்துவமனையின் வேலை. உங்கள் வேலை, மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போவதும், என்று தொடங்கினோம், எத்தனை மாத்திரை உள்ளே போயிருக்கிறது என்று சொல்வதும். அந்த அட்டை இல்லாமல் போனால் ஸ்கேன், முதுகுத் தண்டு நீர்ப் பரிசோதனை என்று இரண்டு நாள் சுற்றிவிட்டுத்தான் காரணத்துக்கு வந்து சேர்வார்கள்.

மருந்தை நிறுத்தினால், கடுமையாக இருந்தால் டயாலிசிஸ் செய்தால், சில நாட்களில் தெளிந்துவிடுகிறார்கள். பேரன் பெயரைச் சரியாகச் சொல்லி, காபி கேட்பார்கள்.

ஒரு பொறியைத் தனியாகச் சொல்ல வேண்டும். அக்கி வலிக்குப் பிரிகாபாலினோ காபாபென்டினோ சேர்த்து எழுதுவது வழக்கம், சரியான மருந்தும்தான். ஆனால் அவையும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுபவை; தேங்கினால் அவையும் மயக்கமும் குழப்பமும் தரும். தளர்ந்த சிறுநீரகம் உள்ள ஒருவருக்கு இரண்டையும் முழு அளவில் கொடுத்தால், உளறலுக்கு எது காரணம் என்றே தெரியாமல் போகும். அளவு பார்க்கச் சொல்லும்போது இரண்டுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

கூட எடுக்கும் மருந்துகள்

இந்த மூன்று மருந்துகளும் மற்ற மருந்துகளோடு பெரும்பாலும் சண்டை போடாது. கருத்தடை மாத்திரை, தைராய்டு மாத்திரை, கொலஸ்ட்ரால் மாத்திரை எதையும் நிறுத்தத் தேவையில்லை. நான் கவலைப்படுவது வலி மருந்துகளைப் பற்றித்தான். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். அக்கி வலிக்கு மருந்துக் கடையில் கேட்டதும் கையில் விழுவது அதுதான்; சிலர் வலி ஊசியும் போட்டுக்கொள்கிறார்கள். வயதானவர், நீர்ச்சத்து குறைந்தவர், பெரிய அளவு வாலசைக்ளோவிர், மேலே டைக்ளோஃபெனாக் என்று நான்கும் சேர்வது நல்லதல்ல. பாரசிட்டமால் போதாவிட்டால் மருத்துவரிடம் திரும்பிப் போங்கள்.

மாற்றுச் சிறுநீரகம் வைத்துக்கொண்டவர்கள் எடுக்கும் டாக்ரோலிமஸ், மைகோஃபெனோலேட், ஆஸ்துமாவுக்குச் சிலர் எடுக்கும் தியோஃபிலின், யூரிக் அமிலத்துக்கான புரொபெனிசிட் ஆகியவற்றை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். உறுப்பு மாற்றம் செய்தவர்களிலும் முற்றிய எச்.ஐ.வி. நோயாளிகளிலும் நாளுக்கு 8,000 மில்லிகிராம் என்ற மிகப் பெரிய அளவு வாலசைக்ளோவிர் கொடுத்தபோது, ரத்தத் தட்டணுக்கள் குறைந்து சிறுநீரகமும் பாதிக்கும் ஒரு கடுமையான நிலை சிலருக்கு வந்தது. மருந்துத் தாளில் அந்த எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு 500 மில்லிகிராம் எடுப்பவர் கலங்குவது வீண். பதினாறு மடங்கு அளவு, வேறு வகை உடம்பு.

பெயர் விஷயத்திலும் கண் வையுங்கள். வாலசைக்ளோவிர் வேறு, வால்கான்சைக்ளோவிர் வேறு. இரண்டாவது எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கக்கூடிய, வேறு வைரஸுக்கான மருந்து. கடையில் மாறினாலும் ஆபத்து; இணையத்தில் தேடும்போது மாறினாலும், இல்லாத பயத்தை வாங்கிக்கொண்டு வருவீர்கள். அட்டையில் அச்சிட்ட பெயரை எழுத்துக் கூட்டிப் படியுங்கள்.

வருடக்கணக்கில் எடுத்தால்

இப்போது முதலில் கேள்வி கேட்ட முப்பது வயதுக்காரருக்கு. அடிக்கடி ஹெர்ப்பிஸ் திரும்பி வருபவருக்குத் தினமும் அசைக்ளோவிர் 400 மில்லிகிராம் இரண்டு வேளையோ வாலசைக்ளோவிர் 500 மில்லிகிராம் ஒரு வேளையோ கொடுப்பது பல நாடுகளில் வழக்கமான சிகிச்சை. அசைக்ளோவிரைத் தொடர்ந்து ஐந்து, ஆறு ஆண்டுகள் எடுத்தவர்களை 1980களிலேயே கவனிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆண்டுக்கு 12 முறையும் அதற்கு மேலும் கொப்புளம் வந்துகொண்டிருந்தவர்களுக்கு, முதல் ஆண்டில் அது இரண்டு முறைக்கும் கீழே வந்தது. ஐந்தாம் ஆண்டில் ஒன்றுக்கும் கீழே. மருந்து உடம்பில் சேர்ந்து சேர்ந்து கெடுக்கும் என்பதற்கான அறிகுறி எதுவும் தெரியவில்லை. சில மணி நேரத்தில் வெளியேறிவிடும் மருந்து, வருடக்கணக்கில் எடுத்தாலும் சேமிப்பாகத் தங்குவதில்லை. நேற்றைய மாத்திரை இன்று உங்களிடம் இல்லை.

கண்ணில் ஹெர்ப்பிஸ் வந்தவர்கள் 703 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவு 1998இல் வெளியானது. ஒரு வருடம் அசைக்ளோவிர் எடுத்தவர்களில் 19 சதவீதம் பேருக்குக் கண்ணில் நோய் திரும்பியது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 32 சதவீதம். கருவிழியில் திரும்பத் திரும்பத் தழும்பு விழுந்து பார்வை மங்குவதோடு ஒப்பிட்டால், தினமும் இரண்டு மாத்திரை எதை வாங்கிக் கொடுக்கிறது என்று புரியும்.

மருந்தை எடைபோடும்போது நன்மைத் தட்டையும் பார்க்க வேண்டும். தம்பதியரில் ஒருவருக்கு மட்டும் ஹெர்ப்பிஸ் இருந்த 1,484 ஜோடிகளை எட்டு மாதம் கவனித்த ஆய்வு 2004இல் வந்தது. நோய் உள்ளவர் தினமும் 500 மில்லிகிராம் வாலசைக்ளோவிர் எடுத்தபோது துணைக்குத் தொற்றுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. முழுக்க நிற்கவில்லை, அதனால் ஆணுறையும், கொப்புளம் இருக்கும் நாட்களில் விலகியிருப்பதும் வேண்டும்.

வைரஸ் மருந்துக்குப் பழகிவிடாதா? நல்ல நோய் எதிர்ப்பு சக்தி உள்ளவர்களிடம் மருந்துக்கு மசியாத வைரஸ் நூறில் ஒருவருக்கும் குறைவாகவே காணப்படுகிறது. வருடக்கணக்கில் எடுத்தும் அது ஏறவில்லை. எச்.ஐ.வி. முற்றியவர்கள், எலும்பு மஜ்ஜை மாற்றம் செய்தவர்களிடம் நிலைமை வேறு. அவர்களுக்குப் புண் ஆறாமல் நீடித்தால் உடனே சொல்ல வேண்டும், ஃபோஸ்கார்நெட் போன்ற வேறு மருந்து தேவைப்படலாம்.

புற்றுநோயைப் பற்றியும் கேட்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அசைக்ளோவிரை, புற்றுநோய் உண்டாக்கும் என்று வகைப்படுத்த ஆதாரமில்லாத பொருட்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. எலிகளுக்கு ஆயுள் முழுக்கக் கொடுத்துப் பார்த்தபோதும் கட்டிகள் கூடவில்லை. விந்தணுவைப் பொறுத்தவரை, விலங்குகளில் மிகப் பெரிய அளவில் பாதிப்பு தெரிந்தது. ஆறு மாதம் தினமும் எடுத்த ஆண்களிடம் எண்ணிக்கையோ அசைவோ குறையவில்லை. முடி கொட்டுவதாகச் சிலர் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு மருந்துதான் காரணம் என்று நிறுவப்படவில்லை. ரத்தசோகை, தைராய்டு, மனக்கவலை ஆகியவற்றையும் பாருங்கள்.

சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு இந்தச் சிறிய அளவுக்காக மாதா மாதம் ரத்தப் பரிசோதனை வேண்டாம். சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ உள்ளவர் எப்படியும் ஆண்டுக்கு ஒருமுறை கிரியேட்டினின் பார்ப்பார். அதையே மருத்துவரிடம் காட்டினால் போதும்.

கர்ப்பம், தாய்ப்பால்

மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும்போது கர்ப்பம் என்று தெரிந்து, கலைத்துவிடலாமா என்று அழுதுகொண்டு வரும் பெண்களை நினைத்து இதை எழுதுகிறேன். வேண்டாம். டென்மார்க்கில் 1996 முதல் 2008 வரை பிறந்த 8,37,795 குழந்தைகளின் பதிவேடுகளைப் பார்த்தார்கள். முதல் மூன்று மாதத்தில் இந்த மருந்துகளில் ஒன்றை எடுத்த தாய்மார்களின் 1,804 குழந்தைகளில் பிறவிக் குறை 2.2 சதவீதம், எடுக்காதவர்களின் குழந்தைகளில் 2.4 சதவீதம். வித்தியாசம் இல்லை. 1984 முதல் 1999 வரை மருந்து நிறுவனம் நடத்திய கர்ப்பப் பதிவேடும் இதையே காட்டியது. மூன்றில் அதிக அனுபவம் அசைக்ளோவிரிலும் வாலசைக்ளோவிரிலும்தான். ஃபாம்சைக்ளோவிர் எடுப்பவர் கர்ப்பமானால் மாற்றிக்கொள்வது பற்றிக் கேளுங்கள்.

பிறப்புறுப்பு ஹெர்ப்பிஸ் உள்ளவருக்கு 36ஆவது வாரத்திலிருந்து தினமும் மருந்து கொடுப்பதுண்டு. பிரசவ நேரத்தில் புண் இருந்தால் குழந்தைக்குத் தொற்றலாம். அப்போது சிசேரியன் செய்ய வேண்டிவரும். மாத்திரை அந்த வாய்ப்பைக் குறைக்கிறது. ஹெர்ப்பிஸ் இருக்கிறது என்பதை மகப்பேறு மருத்துவரிடம் மறைக்காதீர்கள், முக்கியமாகக் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் முதல்முறையாகக் கொப்புளம் வந்தால். தாய்ப்பாலில் போகும் மருந்து மிகக் குறைவு, பால் கொடுக்கலாம். மார்பில் கொப்புளம் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் கொடுக்கக் கூடாது.

ஒளித்து வைத்த அட்டை

பிறப்புறுப்பு ஹெர்ப்பிஸுக்கு மருந்து எடுப்பவர்கள் பலர் அட்டையைப் புடவை மடிப்பிலும் அலுவலக மேசை இழுப்பறையிலும் ஒளித்து வைக்கிறார்கள். புரிகிறது. யாராவது பார்த்துவிட்டு எய்ட்ஸ் மாத்திரை என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். (எச்.ஐ.வி. மருந்துகள் வேறு, பெயர் ‘விர்’ என்று முடிவதால் மட்டும் ஒன்றாகிவிடாது.) வீட்டாரிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். ஆனால் இன்னொரு நோய்க்காகப் போகும் மருத்துவரிடம் மறைத்தால், அவர் பாதி உடம்பைப் பார்த்து மருந்து எழுதுகிறார். வயிற்றுப்போக்கில் சுருண்டு கிடக்கும்போது, அறுவை சிகிச்சைக்கு முன், சிறுநீரகக் கல் வலிக்கு ஊசி போடும்போது இந்த ஒரு மாத்திரையின் பெயர் அவருக்குத் தெரிய வேண்டும். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் எடுக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். நோயின் பெயர் எழுத வேண்டாம். மருந்தின் பெயரே அவருக்குப் போதும்.

தினமும் எடுப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் நிறுத்திப் பார்ப்பதைப் பற்றிப் பேசுங்கள். பலருக்கு ஆண்டுகள் போகப் போக நோயின் வேகம் தானாகவே தணியும். நிறுத்தியதும் ஒரு முறை வந்துவிட்டது என்று உடனே மனம் உடைய வேண்டாம். இரண்டு முறையாவது வரும்வரை பொறுத்து, இடைவெளி எவ்வளவு என்று நாட்குறிப்பில் குறித்துக்கொள்ளுங்கள். நிறுத்தும்போது அளவைப் படிப்படியாகக் குறைக்கும் தேவையும் இல்லை. முன்போல் அடிக்கடி வந்தால் மறுபடி தொடங்கலாம். எப்போதாவது வந்தால், வரும்போது மட்டும் எடுக்கும் முறைக்கு மாறலாம்: தோல் குறுகுறுக்கத் தொடங்கிய அன்றே, வாலசைக்ளோவிர் 500 மில்லிகிராம் இரண்டு வேளை, மூன்று நாள். அதற்கு மருந்து வீட்டிலேயே இருக்க வேண்டும். கொப்புளம் வந்த பிறகு சீட்டு வாங்கப் போய் வரிசையில் நின்றால், குறுகுறுப்பு நேரம் தாண்டிவிடும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அந்தச் சீட்டை முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.